பீமனுக்குச் சோறு வைக்கும் முறை

தரணி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பீமனும் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். முதலில் அவனுக்குத் தண்ணீர் வை. ஒரே மூச்சில் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. லாரியில் அவ்வளவு தூரம் வந்தவனுக்கு உடனே சோறு வைத்துவிடாதே. கெஞ்சுவான், வைக்காதே. இறங்கி நடந்து, உன் கையை மோந்து பார்த்து, ஒரு இடம் தேடிப் படுத்து எழுந்த பிறகு வை. அதுவும் வழக்கமாக வைப்பதில் பாதிதான். இதையெல்லாம் லாரி ஓட்டி வரும் சூசையிடம் வாயால் சொல்லி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். நல்ல பிள்ளை, ஆனால் வழியெல்லாம் லாரியைப் பார்ப்பானா, நான் சொன்னதை நினைவில் வைத்திருப்பானா? அவனிடம் சொல்லி அனுப்ப முடியாத சில விஷயங்களும் இருக்கின்றன. அதனால் அடுப்பு வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் அவசரப்படாமல் படி.

ஒவ்வொரு கடிதத்திலும் பீமன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாய். நானும் நன்றாக இருக்கிறான் என்றே எழுதிவந்தேன். இடையில் சில மாதம் அவன் நன்றாக இல்லை. அணைக்கட்டில் உயரத்தில் நின்று வேலை பார்க்கிறவனுக்கு வீட்டுக் கவலையை எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, காட்டு ஓரமாக இருக்கிறது, துணைக்குப் பீமன் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அவன் பட்டதைத் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குச் சோறு வைத்தால் நான் பண்ணினதையே நீயும் பண்ணுவாய். அவன் இன்னும் வளர்ந்து முடிக்கவில்லை.

பொங்கல் கழிந்து நீ வேலைக்குக் கிளம்பின வாரம், தளவானூரிலிருந்து துணிப்பையில் போட்டு அவனைக் கொண்டுவந்து என் மடியில் விட்டாய். மல்லாட்டைக் கடலை காயப்போடும் களத்தில் குரங்குத் தொல்லை, இது இருந்தால் நல்லது என்றாய். இரண்டாம் நாள் நீயும் பின்வீட்டு ஆரோக்கியத்தின் மகன் சூசையும் திண்டிவனத்தில் ரயிலேறிவிட்டீர்கள். நாய் வளர்த்துப் பழக்கமில்லாத நான் அந்தக் குட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பாலில் பாதி தண்ணீர் கலந்து, கேழ்வரகு மாவைக் காய்ச்சிக் கரைத்து, கிண்ணத்தில் ஊற்றினேன். கிண்ணத்துக்குள்ளேயே ஏறி நின்று குடித்தான். அந்தத் தீனியைப் பார்த்துத்தான் உன் நைனா அவனுக்குப் பீமன் என்று பெயர் வைத்தார்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். விளக்கைச் சுற்றி வரும் பூச்சி ஒன்றுகூடச் சோற்றில் விழுந்து சாகக்கூடாது என்று, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். சமணக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது பசியாகவே தெரியாது. தாய்ப்பாலை விட்டு வந்த குட்டிக்கு அது எப்படித் தெரியும்? விளக்கு வைத்த நேரத்திலிருந்து கத்த ஆரம்பித்தான். நான் உன் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். "விளக்கு வச்சப்புறம் இந்த வீட்ல அடுப்பு பத்தவெச்சதில்ல. பழகிக்கும், விடு," என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அந்தச் சத்தம் தாங்கவில்லை என்பது தெரிந்தது.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ராத்திரி முழுக்கத் தாங்கட்டும் என்று பொழுது சாய்வதற்கு முன்னால் ஒரே வேளையில் நிறைய ஊற்றிவிடுவது. வயிறு தமுக்கு மாதிரி ஆகிவிட்டது. படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குடித்ததையெல்லாம் கக்கிவிட்டு, மறுநாள் பேதி கண்டு துவண்டு கிடந்தான். பின்வீட்டு ஆரோக்கியம் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, சின்னக் கொடல்ல பெரிய கொடம் கவுத்த மாதிரி ஊத்திருக்கியே. கொஞ்சம் கொஞ்சமா நாலு வாட்டி குடு," என்றாள். அதிலிருந்து காலை, உச்சி வெயிலுக்கு முன், வெயில் இறங்கும் நேரம், பொழுது சாய என்று பிரித்துக் கொடுத்தேன். பேதி நின்றது. ராத்திரிக் கத்தலும் குறைந்தது.

இத்தோடு கவலை விட்டது என்றிருந்தேன். அவன் வளர்ந்த வேகம் அப்படி. வாரத்துக்கு வாரம் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தினேன். வளர்கிற பிள்ளைக்குச் சோற்றைக் கூட்டவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும், எதைக் கூட்டுவது என்று தெரியவில்லை. ரேஷன் அரிசி பற்றாத காலம். நொய்யை வாங்கி, கஞ்சியோடு குழைத்து, கிண்ணத்திலிருந்து வட்டிலுக்கும் வட்டிலிலிருந்து சட்டிக்கும் மாற்றினேன். பால் மட்டும் குட்டியாக இருந்தபோது ஊற்றிய அதே அளவுதான். சட்டி காலியாகும். அவன் நிமிர்ந்து பார்ப்பான். இன்னும் ஒரு கரண்டி போடுவேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறானே என்பார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான் பின்கட்டுச் சுவரின் சுண்ணாம்பை நக்க ஆரம்பித்தான். அடித்தாலும் போகமாட்டான். விளையாட்டு என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை உன் நைனா வழக்கம்போல் கோட்டைப் பக்கம் நடக்கப் போனார். பீமனும் கூடவே ஓடினான். வெயில் ஏறியும் இருவரையும் காணோம். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கடைசியில், தெருக்கோடியில் உன் நைனா அவனைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு வருகிறார். வேட்டியெல்லாம் மண். இவனுடைய பின்னங்கால் அவர் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. மண்டிக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கடைத்தெருவில் சட்டையில்லாமல்கூட நிற்காத மனுஷன். கீழே இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"அகழிகிட்ட உக்காந்துட்டான். எழுந்திரிக்க மாட்டேங்கறான். முன்னங்கால் மடங்குது," என்றார். பிறகு மெதுவாக, "நான்தான் வேகமா நடந்துட்டேனோ என்னமோ," என்றார்.

அப்போதுதான் நான் அவன் கால்களைச் சரியாகப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தன. முட்டியில் முடிச்சு முடிச்சாக வீக்கம். தினமும் பக்கத்திலிருந்து சோறு போட்ட கண்ணுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று என்று இன்னும் விளங்கவில்லை.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வயதில் உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். அவனைத் தடவிப் பார்த்துவிட்டு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். "சோத்துல ஒடம்பு ஏறிடுச்சும்மா. எலும்புக்கு ஒண்ணும் போவல. வீட்டைக் கட்டிட்டு தூணை மறந்துட்ட மாதிரி," என்றார். ஊசி போட்டார். இனிமேல் சோற்றைப் பாதியாகக் குறைக்கவேண்டும். எடை கூடக்கூட அந்தக் கால் இன்னும் வளையும். மூன்று வேளையாக்கி, கடைசி வேளையை இருட்டின பிறகு கொடுக்கவேண்டும், ராத்திரி வெறும் வயிற்றோடு நெடுநேரம் கிடக்கக்கூடாது. இதுவரைக்கும் நான் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு முட்டை, எலும்புச் சாறு, மீன் எண்ணெய் என்றார். நான் உன் நைனாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல அதெல்லாம் ஆகாதுங்க," என்றேன்.

டாக்டர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப பாலையும் கேழ்வரகையும் கூட்டிப் பாருங்க. சில நாய் தேறிடும். இவனுக்கு அது மட்டும் போதும்னு என்னால சொல்ல முடியலம்மா," என்றார்.

பாலைக் கூட்டினோம். எனக்கும் உன் நைனாவுக்கும் மோர் நின்றது, பால் முழுக்க அவனுக்குப் போயிற்று. கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் கூழ் காய்ச்சினேன், பொழுதோடு காய்ச்சி மூடிவைத்ததை இருட்டின பிறகு வைத்தேன். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்தேன். சோற்றைக் குறைத்ததால் அவன் நாளெல்லாம் பசியோடு என் முந்தானையைப் பிடித்து இழுப்பான். குறைத்ததைக் குறைத்தபடியே வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. டாக்டர் சொன்னாலும் பசிக்கிற வாய்க்கு இல்லை என்று சொல்வது பாவம்போல் மனசு அடித்துக்கொண்டது. அப்படியும் அவன் தேறவில்லை. எழுந்திருக்கும்போது முனக ஆரம்பித்தான். பிறகு எழுந்திருப்பதையே நிறுத்திக்கொண்டான். நான் போனால் படுத்தபடியே வாலை மட்டும் தரையில் தட்டுவான். அந்த வாரம் உன் கடிதம் வந்தது. பீமன் இப்போது என் முட்டி உயரம் இருப்பானா என்று கேட்டிருந்தாய். இருப்பான் என்று எழுதினேன். அவன் நிற்கவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆரோக்கியம் வேலிக்கு அருகில் வந்து நின்றாள். "யக்கா, முட்டைய நான் குடுக்கறேன். என் கோழி, என் சட்டி. உங்கூட்டு வாசப்படி தாண்டி வராது. நீ கண்ணால பாக்கவே வேணாம்."

"நான் பாக்கலன்னா நடக்கலன்னு ஆயிடுமா, ஆரோக்கியம்?" என்றேன்.

அவள், "ஆவாதுதான். ஆனா அதுக்குள்ள அது செத்துப்போயிடும்க்கா," என்றாள்.

உன் நைனாவுக்குத் தெரியாமல் செய்திருக்கலாம். பகல் முழுக்க அவர் மண்டியில்தான் இருக்கிறார். ஆனால் அவரிடம் மறைத்து இந்த வீட்டில் நான் ஒன்றும் செய்ததில்லை, இதிலிருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை. காலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும் ஆரோக்கியம் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். மண்டிக்குப் போகவில்லை. மேல்சித்தாமூருக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். அங்கே நம் சமண மடத்தில் பெரியவர்களைக் கேட்கப்போகிறார், அவர்கள் கூடாது என்பார்கள், அதோடு பீமன் கதை முடிந்தது என்று நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாழத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"யாரையும் கேக்கல. கோயில்ல உக்காந்திருந்துட்டு வந்துட்டேன். கேட்டா ஒரு பதில் சொல்லிடுவாங்க. அப்புறம் இவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்றார். காலைக் கழுவிக்கொண்டு வந்து பீமனுக்குப் பக்கத்தில் குனிந்து அவன் வளைந்த காலைத் தடவிக்கொடுத்தார். "வெரதம் எடுத்தது நாம. இவன் எடுக்கலியே," என்றார்.

ஆனாலும் அவருக்கென்று சில கட்டளைகள் வைத்தார். முட்டை மட்டும்தான், வேறொன்றும் வேண்டாம். நம் பாத்திரத்தில் கூடாது, நம் வாசலுக்குள் கூடாது. என்னைப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே போனார். முதல் நாள்களில் தூக்கிக்கொண்டு போனார். ஆரோக்கியம் வேகவைத்த முட்டையை மசித்துச் சோற்றோடு பிசைந்து வைக்க, இவர் வேலிக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தபடி நிற்பார். "ஐயா, உள்ள வந்து கட்டில்ல உக்காருங்களேன்," என்று அவள் கூப்பிடுவாள். "இருக்கட்டும்மா, இங்கயே காத்து வருது," என்பார். சாப்பிட்டு முடித்ததும் பீமனின் வாயைக் குழந்தைக்குத் துடைப்பதுபோல் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு அழைத்துவருவார். அந்த மாதத்திலிருந்து அஷ்டமியன்று அவர் ஒருபொழுதுகூடச் சாப்பிடுவதில்லை. அவர் உடம்பு வற்றுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

பீமன் மெல்ல மெல்லத் தேறினான். முனகல் நின்றது. சுவரை நக்குவதை விட்டான். ஒருநாள் பொழுது சாய்ந்து இருட்டிவரும் நேரம், உன் நைனா செருப்பை மாட்டுவதற்குள் தானாகவே எழுந்து வேலிவரைக்கும் நடந்து போய் நின்றான். ஆரோக்கியம் அங்கிருந்து, "யக்கா, வந்துட்டான் பாரு," என்று கூப்பிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். இடது முன்னங்கால் மட்டும் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைப் பார்த்து நீ வருத்தப்படாதே, அவன் அதை வைத்துக்கொண்டே களத்தில் ஒரு குரங்கை விடுவதில்லை.

இனி நீ செய்யவேண்டியது. காலையில் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கொடு. மதியம் கொஞ்சம் பருப்பும் பாலும் போதும், இன்னும் இரண்டு மாதம் போனால் அந்த வேளையை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரேயடியாக நிறுத்தாதே, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வா, அந்த அளவை மற்ற இரண்டு வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். இருட்டின பிறகு சோறும் முட்டையும். அளவு எவ்வளவு என்று என்னைக் கேட்காதே. அவன் விலாவில் கை வைத்துப் பார். எலும்பு கண்ணுக்குத் தெரிந்தால் குறைவாகப் போடுகிறாய். கைக்கும் தட்டுப்படவில்லை என்றால் அதிகமாகப் போடுகிறாய். வாரம் ஒருமுறை தடவிப் பார்த்துக் கூட்டிக்கொள், குறைத்துக்கொள். சாப்பிட்ட கையோடு ஓட விடாதே. ஊர் மாறும்போது சாப்பாட்டையும் சேர்த்து மாற்றினால் வயிறு தாங்காது, அதனால் ஒரு பையில் கேழ்வரகு மாவு வைத்திருக்கிறேன். அது தீருவதற்குள் அங்கே கிடைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கு. மெஸ்ஸில் மிஞ்சுகிற காரக்குழம்புச் சோற்றைப் போடவே போடாதே. கோழி எலும்பை யாராவது வீசினால் பிடுங்கி எறி. வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்குமாம். சொன்னால் கேட்கிற ஆட்கள்தானா உன்னோடு இருக்கிறவர்கள்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தங்கை கல்யாணத்துக்கு லாரியோடு வந்திருந்த சூசை நேற்றுப் பகல் பீமனைப் பார்க்க வந்தான். எத்தனை மணிக்கு எது கொடுக்கவேண்டும் என்று அவனிடமும் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டின பிறகு ஒரு வேளை கட்டாயம் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"நாய்க்கு ராத்திரி வெச்சிடுவான்மா. அவன்தான் ராத்திரி சாப்புடறதில்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. "பொழுதோட சாப்ட்டுடறானா?" என்றேன்.

"எங்கம்மா பொழுதோட? வேல வுட்டு எறங்கறப்பவே இருட்டிப்போவுது. மெஸ்ல சோறு அதுக்கப்புறம்தான். இவன் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கறான். காலைல போடறது ரெண்டு இட்லி. போன மாசம் சாரத்து மேல நின்னுனு இருந்தவன் கண்ண இருட்டிக்கினு வந்து சாஞ்சிட்டான். நான் கீழ லாரில இருந்து பாத்தேன். பக்கத்துல இருந்த மேஸ்திரி சட்டையப் புடிச்சி இழுத்துட்டாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னான்மா."

தரணி, மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க ஆரம்பித்தால் மேற்கொண்டு நினைக்க முடியவில்லை. நீ ஊருக்குப் புறப்பட்டபோது வழியனுப்புகிற சந்தோஷத்தில் வேலைக்கு எத்தனை மணிக்குப் போவாய் என்று கேட்டேன், சம்பளம் கேட்டேன், குளிருமா என்று கேட்டேன். எப்போது சாப்பிடுவாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீயும் இருட்டினபின் சாப்பிடுவதில்லை என்று எங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறாய். அந்த உயரத்தில் நிற்பதற்கு அந்தப் பட்டினி உதவாது, கண்ணு.

மண்டியிலிருந்து வந்த உன் நைனாவிடம் சொன்னேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். நேராகப் பின்வீட்டுக்குப் போய், இதுவரை தாண்டாத அந்த வேலியைத் தாண்டி, சூசைக்கு எதிரில் ஆரோக்கியத்தின் கட்டிலில் உட்கார்ந்தார். எவ்வளவு உயரம் அந்தச் சாரம், கீழே என்ன இருந்தது, பாறையா தண்ணீரா என்று கேட்டார். பாறை என்றான் சூசை. வெகுநேரம் அங்கேயே இருந்தார். வந்து என்னிடம், "அவனுக்கு எழுது. ராத்திரி சாப்புடச் சொல்லு. நான் சொன்னேன்னு எழுது. நீ சொன்னதா எழுதினா நைனாவுக்குத் தெரியாம அம்மா சொல்றான்னு நெனச்சிப்பான்," என்றார்.

அதனால் எழுதுகிறேன். இது உன் நைனா சொன்னது. நான் சொல்வதும் இதுதான். விளக்கு வைத்தபின் நாங்கள் சாப்பிடமாட்டோம், அது எங்களோடு இருக்கட்டும். நீ வேலையிலிருந்து இறங்கி, கைகால் கழுவி, பீமனுக்கு வைத்துவிட்டு, நீயும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார். இருட்டியிருந்தாலும் உட்கார். வயிறு நிறையச் சாப்பிடு. மெஸ்ஸில் கிடைப்பதில் உன் உடம்புக்கு எது வேண்டும் என்று நீயே பார்த்துக்கொள்ளும் வயது உனக்கு வந்துவிட்டது. இனிமேல் என் கடிதங்களில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கமாட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். அதற்கு நீ உண்மையான பதிலை எழுதவேண்டும்.

அம்மா